பல செல் லித்தியம் பேட்டரிக்கு எந்த சார்ஜர்?

இலக்கியமும் கோயில் வரலாறும் இடம்பெறும் சங்க மலரில் பேட்டரி சார்ஜரைப் பற்றி ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் சிலர் புருவத்தை உயர்த்தலாம். ஆனால் இன்று லித்தியம் பேட்டரி இல்லாத வீடு நம்மில் யாரிடம் இருக்கிறது? செல்பேசி, மடிக்கணினி, கம்பியில்லாத துளைக்கருவி, பிள்ளை ஓட்டும் மின்சார ஸ்கூட்டர், மின்வெட்டுக்கு உதவும் இன்வெர்ட்டர் என்று பட்டியல் நீளும். செல்பேசிக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரே செல். மற்றவற்றில் இருப்பவை பல செல்களைக் கோத்துக் கட்டிய பேட்டரிகள். ஒரு பிள்ளையை வளர்ப்பதற்கும் கூட்டுக் குடும்பத்தைக் கட்டி மேய்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேயும் உண்டு.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு ஓர் உதாரணம். டெல்லியில் எங்கள் குடியிருப்பில் உள்ள கல்லூரி மாணவன் ஒருவன் தன் மின்சார மிதிவண்டிக்குப் புது சார்ஜர் வாங்கி வந்து, மாட்டுவதற்கு முன் என்னிடம் காட்டினான். "மாமா, இதுவும் நாற்பத்தெட்டு வோல்ட், அதுவும் நாற்பத்தெட்டு வோல்ட். பின்னும் சரியாப் பொருந்துது. போட்டுடலாமா?" கடைக்காரரும் அதையேதான் இந்தியில் அடித்துச் சொல்லியிருக்கிறார். பையனின் வண்டியில் இருந்தது 13 செல் தொடராக இணைத்த லித்தியம் பேட்டரி. ஒரு செல்லுக்கு உச்சவரம்பு 4.2 வோல்ட், 13 செல்லுக்கு 54.6 வோல்ட். அவன் கையில் இருந்ததோ 16 செல் கொண்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கான சார்ஜர். அது 58.4 வோல்ட் வரை ஏற்றும். 58.4-ஐ 13-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு செல்லுக்கு ஏறத்தாழ 4.49 வோல்ட்! பழைய காரீய-அமில பேட்டரிக்கான '48 வோல்ட்' சார்ஜரும் 57.6 முதல் 59 வோல்ட் வரை போகும். மூன்றுமே கடையில் '48 வோல்ட்' என்ற ஒரே பெயரில்தான் விலைபோகின்றன. வரம்பு மீறி ஏற்றப்பட்ட லித்தியம் செல் சூடாகும், உப்பும், தீயும் பிடிக்கும். அப்படி ஏற்பட்டால், பேட்டரிக்குள் இருக்கும் சின்னக் காவல் அட்டை ஒன்றுதான் நமக்கும் தீக்கும் இடையே நிற்கும்.

ஆகவே பெயருக்குச் சொல்லும் வோல்ட்டை மறந்துவிட்டு மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். செல் என்ன வகை? தொடராக எத்தனை செல்? முழுதாக நிரம்பும்போது மொத்த மின்னழுத்தம் எவ்வளவு?

வகையைப் பொறுத்தவரை நம் வீட்டுக்கு வருபவை பெரும்பாலும் இரண்டு. கோபால்ட், நிக்கல், மாங்கனீசு சேர்ந்த செல்கள் ஒரு வகை. இவற்றின் சராசரி 3.6 அல்லது 3.7 வோல்ட், நிரம்பினால் 4.2. சோனி நிறுவனம் 1991-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது இந்தக் குடும்பத்தைத்தான். மற்றது இரும்பு பாஸ்பேட். சராசரி 3.2 வோல்ட், நிரம்பினால் 3.65. ஒரே எடைக்கு இது கொஞ்சம் குறைவாகத்தான் மின்சாரத்தைச் சேமிக்கும். ஆனால் சூட்டைத் தாங்குவதிலும், நீண்ட நாள் உழைப்பதிலும் முந்தியது. டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃப் குழுவினர் 1997-இல் வெளியிட்ட பொருள் இது. அதற்கு வழிகோலிய 1980-களின் ஆய்வுகளில் குடினஃபுடன் இணைந்து உழைத்தவர் நம் ஆறுமுகம் மந்திரம். மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றுப் போனவர். 2019-இல் குடினஃபுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 97. அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவரும் மந்திரம்தான். சங்க மலரில் இதைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

லித்தியம் செல்லை நிரப்பும் முறை

காரீய-அமில பேட்டரி கொஞ்சம் பொறுமைசாலி. கூடுதலாக ஏற்றினால் தண்ணீரைக் கொதிக்கவிட்டுச் சமாளிக்கும். லித்தியம் செல்லுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதை இரண்டு கட்டங்களாக நிரப்ப வேண்டும். முதலில் மின்னோட்டத்தை ஒரே அளவில் நிறுத்திச் செலுத்துவது. செல்லின் மின்னழுத்தம் மெல்ல ஏறிக்கொண்டே வரும். உச்சவரம்பைத் தொட்டதும், அந்த மின்னழுத்தத்தை அப்படியே பிடித்துக்கொள்வது. இப்போது மின்னோட்டம் தானாகக் குறையும். குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போது கழுத்து வரை குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, வாய் நெருங்கியதும் திருகைக் குறைக்கிறோமே, அதே கதைதான். தொடக்க மின்னோட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அல்லது இருபதில் ஒரு பங்காகக் குறைந்ததும் முழுவதுமாக நிறுத்திவிட வேண்டும். சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டே இருப்பது இதற்கு ஆகாது.

உச்சவரம்பின் துல்லியமும் முக்கியம். 4.2 வோல்ட்டில் ஒரு சதவீதம் என்பது 42 மில்லிவோல்ட். நல்ல சார்ஜர் சர்க்யூட் அந்த வரம்புக்குள்தான் நிற்கும். 4.1 வோல்ட்டோடு நிறுத்தினால் சுமார் பத்து சதவீதக் கொள்ளளவு குறையும், ஆனால் செல்லின் ஆயுள் நன்றாகக் கூடும். என்னைக் கேட்டால், வீட்டில் ஒரு மூலையில் இருக்கப்போகும் பேட்டரிக்கு அந்தப் பத்து சதவீதத்தை விட்டுக்கொடுப்பதே லாபம்.

மிகவும் இறங்கிப்போன செல்லுக்கு முழு மின்னோட்டத்தையும் எடுத்த எடுப்பில் கொடுக்கக் கூடாது. 4.2 வோல்ட் வகையில், 3 வோல்ட்டுக்கும் கீழே இருந்தால் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் மெதுவாகத் தூக்கிவிட வேண்டும், பட்டினி கிடந்தவனுக்கு முதலில் கஞ்சி கொடுப்பது போல. 1.5 வோல்ட்டுக்கும் கீழே பல நாள் கிடந்த செல்லை எழுப்ப முயலவே வேண்டாம். உள்ளே செப்புத் தகடு கரைந்து, பின்னர் வேண்டாத இடத்தில் படிந்து, உட்குறுக்கு ஏற்படக்கூடும்.

மூன்று வேலை, மூன்று ஆள்

பலரும் குழம்புவது இங்கேதான். பல செல் பேட்டரியைச் சார்ஜ் செய்வதில் மூன்று தனித்தனி வேலைகள் உள்ளன. வீட்டு மின்சாரமான 230 வோல்ட்டைப் பாதுகாப்பான சிறு மின்னழுத்தமாக மாற்றுவது ஒன்று. அதை மேலே சொன்ன இரண்டு கட்ட முறையில் அளந்து கொடுப்பது இரண்டாவது. ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கண்காணித்து, ஏதாவது ஒன்று வரம்பு மீறினால் இணைப்பைத் துண்டிப்பது மூன்றாவது. இந்த மூன்றாவது ஆளைத்தான் பி.எம்.எஸ். என்கிறார்கள். "பி.எம்.எஸ். இருக்கே, அதுவே சார்ஜை நிறுத்திடும், அப்புறம் சார்ஜர் எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அது இரவுக் காவலாளியை வாசல் கதவாக நினைப்பதற்குச் சமம். சாதாரண காவல் அட்டை 4.25 அல்லது 4.28 வோல்ட்டில்தான் விழித்துக்கொள்ளும். அதுவும் கடைசித் தடுப்பாக. ஒவ்வொரு நாளும் அதன் தலையில் அந்த வேலையைக் கட்டினால், அதிலுள்ள மின்னணுச் சாவி ஒருநாள் உருகி ஒட்டிக்கொள்ளும்போது தடுக்க வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

ஒரு கணக்கோடு பார்ப்போம்

ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பொங்கல் விழாவுக்கும் கொலு நிகழ்ச்சிக்கும் பூங்காவில் வைத்துப் பேசுகிறோமே, அந்த மைக் செட்டுதான். உள்ளே 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி காரீய பேட்டரி. இதை லித்தியமாக மாற்ற வேண்டும்.

மூன்று செல் கோபால்ட் வகை போட்டால் 9 முதல் 12.6 வோல்ட் வரை. ஆம்ப்ளிஃபயர் பாதி நேரம் 'பசி'யோடு இருக்கும். நான்கு செல் போட்டால் 16.8 வரை ஏறி, 12 வோல்ட் கருவிக்கு அதிகமாகிவிடும். நான்கு இரும்பு பாஸ்பேட் செல்கள் என்றால் சராசரி 12.8, நிரம்பும்போது 14.4 முதல் 14.6. பழைய பேட்டரியின் வீச்சோடு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. 32 மில்லிமீட்டர் விட்டமும் 70 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட 6 ஆம்பியர்-மணி செல்கள் எட்டு வாங்கி, இரண்டிரண்டாகப் பக்க இணைப்பில் சேர்த்து, அந்த நான்கு ஜோடிகளையும் தொடராக இணைத்தால் 12 ஆம்பியர்-மணி. எடை பழையதில் ஏறக்குறைய பாதிதான்.

அடுத்து, எவ்வளவு மின்னோட்டத்தில் ஏற்றுவது? கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 4 ஆம்பியர் என்று வைத்தால் நியாயமாக இருக்கும். 14.4 வோல்ட் பெருக்கல் 4 ஆம்பியர், 57.6 வாட். சர்க்யூட்டின் திறன் 92 சதவீதம் என்று கொண்டால் உள்ளே 62 அல்லது 63 வாட் வேண்டும். வீட்டில் சும்மா கிடக்கும் மடிக்கணினி அடாப்டர் 19 வோல்ட், 65 வாட். விளிம்பில் நிற்கிறோம். இந்த வெயில் ஊரில் எதையும் விளிம்பில் ஓட்டக் கூடாது. 3.5 ஆம்பியராகக் குறைத்தால் உள்ளே 55 வாட் போதும். முழுதாக நிரம்ப நான்கு மணி நேரம் போல ஆகும். விழாவுக்கு முந்தைய நாளே போட்டு வைக்கலாம், அவசரம் ஒன்றுமில்லை.

அடாப்டரை வாங்கியே பயன்படுத்துங்கள் என்பது என் கண்டிப்பான கருத்து. 230 வோல்ட் பகுதியை வீட்டில் கட்டுவது கெட்டிக்காரத்தனம் அல்ல. பி.ஐ.எஸ். பதிவு முத்திரை உள்ள அடாப்டர் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளட்டும். நாம் 19 வோல்ட்டுக்குப் பின்னால் உள்ளதை மட்டும் தேர்ந்தெடுப்போம்.

நேரியல் சர்க்யூட்டா, சுவிட்சிங் சர்க்யூட்டா?

19 வோல்ட்டை 12.8 வோல்ட்டாக்க எளிய வழி, நடுவில் ஒரு டிரான்சிஸ்டரை வைத்து மிச்சத்தைச் சூடாக எரித்துவிடுவது. இதுதான் நேரியல் முறை. செல்பேசி செல் ஒன்றுக்குப் பலரும் பயன்படுத்தும் டி.பி.4056 சில்லு இந்த ரகம். 5 வோல்ட்டிலிருந்து ஒரு ஆம்பியர் வரை ஒற்றைச் செல்லுக்கு அது நன்றாகவே உழைக்கும். ஆனால் நம் பெட்டிக்கு? 19-இல் 12.8 போக 6.2 வோல்ட், அதை 3.5 ஆம்பியரால் பெருக்கினால் கிட்டத்தட்ட 22 வாட் வெப்பம். பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மூடிய மரப்பெட்டிக்குள் அதை வைத்து யார் பேசுவது?

சுவிட்சிங் முறையில், மின்சாரத்தை நொடிக்கு லட்சக்கணக்கான தடவை திறந்து மூடி, கம்பிச்சுருள் ஒன்றில் தேக்கித் தேக்கி அனுப்புகிறார்கள். அதே வேலைக்கு 4 வாட் அளவுக்குத்தான் வீணாகும். இரண்டு செல்லுக்கு மேல், ஒரு ஆம்பியருக்கு மேல் என்றால் யோசிக்கவே வேண்டாம், சுவிட்சிங்தான்.

சுவிட்சிங்கிலும் மூன்று வகை. மின்னழுத்தத்தைக் குறைப்பது, கூட்டுவது, இரண்டும் செய்வது. உள்ளே வரும் மின்னழுத்தம் எப்போதும் பேட்டரியின் உச்சத்தைவிட இரண்டு மூன்று வோல்ட்டாவது அதிகமாக இருந்தால் குறைக்கும் வகை போதும். அதுதான் எளிமையானது, மலிவானது, நம்பகமானது. நம் 19 வோல்ட் அடாப்டருக்கும் 14.4 வோல்ட் பேட்டரிக்கும் அது பொருந்துகிறது. 20 வோல்ட் தரும் டைப்-சி அடாப்டருக்கும் அப்படியே.

காரின் 12 வோல்ட் முனையிலிருந்து ஏற்ற வேண்டும் என்றால் கதை வேறு. அங்கே 12 முதல் 14 வோல்ட் வரைதான் வரும். நமக்கு வேண்டியது 14.4. கூட்டும் வகையை வைத்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். அதில் ஒரு பொறி இருக்கிறது. சாதாரண கூட்டும் சர்க்யூட்டில், உள்ளிருந்து வெளியே சுருளும் டயோடும் வழியாக நேர்ப்பாதை ஒன்று எப்போதும் திறந்தே இருக்கும். பேட்டரி 11 வோல்ட்டுக்கு இறங்கியிருந்து கார் 14 வோல்ட் தந்தால், அந்தப் பாதையில் மின்சாரம் கட்டுப்பாடே இல்லாமல் பாயும். சில்லு என்ன சொன்னாலும் அது கேட்காது. அந்த மாதிரி இடத்தில் குறைக்கவும் கூட்டவும் தெரிந்த சர்க்யூட்தான் வேண்டும், விலை சற்றுக் கூடினாலும்.

டெல்லி லஜ்பத் ராய் மார்க்கெட்டிலும் சென்னை ரிச்சி தெருவிலும் எக்ஸ்.எல்.4015 சில்லு வைத்த நீல அட்டைகள் மலிவாகக் கிடைக்கும். இரண்டு சிறு திருகுகள். ஒன்று மின்னழுத்தத்துக்கு, மற்றது மின்னோட்டத்துக்கு. இதை ஒரேயடியாக ஒதுக்க மாட்டேன். இரண்டு கட்ட நிரப்பலை அது செய்துவிடும். ஆனால் நிறுத்தத் தெரியாது. உச்சத்தில் பிடித்துக்கொண்டே இருக்கும். அடாப்டரைப் பிடுங்கினால் பேட்டரியின் மின்சாரம் பின்னோக்கி அட்டைக்குள் கசியும். அதனால் இதைப் பயன்படுத்துவோர் வெளியே ஒரு டயோடு போட்டு, அதற்கு அப்பால் பேட்டரி முனையில் 14.0 வோல்ட்டுக்கு மேல் போகாதபடி திருகை வைத்து, அருகில் ஆள் இருக்கும்போது மட்டும் ஏற்ற வேண்டும். சார்ஜுக்கென்றே பிறந்த சில்லுகள் தனி. பி.க்யூ.24610 போன்றது 28 வோல்ட் வரை வாங்கிக்கொண்டு, ஆறு செல் வரை தொடரில் ஏற்றும். வெப்பம் பார்க்கும், நேரம் பார்க்கும், நிரம்பியதும் தானே நிறுத்தும்.

அதில் இன்னொரு வசதியும் உண்டு. நம் மைக் செட் பேசிக்கொண்டிருக்கும்போதே சார்ஜ் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆம்ப்ளிஃபயர் 2 ஆம்பியர் இழுக்கிறது. சார்ஜரோ 0.35 ஆம்பியருக்குக் குறைந்தால்தான் 'நிரம்பிவிட்டது' என்று நிறுத்தும். ஆம்ப்ளிஃபயர் இழுப்பதையும் பேட்டரி இழுப்பதாகவே எண்ணிக்கொண்டு, அது நிறுத்தவே நிறுத்தாது. அடாப்டர் மாட்டியிருக்கும்போது ஆம்ப்ளிஃபயருக்கு நேராகவும் பேட்டரிக்குத் தனியாகவும் பாதை பிரித்துக் கொடுக்கும் சர்க்யூட் இருந்தால்தான் இந்தத் தொல்லை தீரும்.

கூட்டுக் குடும்பத்தின் கணக்கு

தொடரில் உள்ள எல்லாச் செல்களிலும் ஒரே மின்னோட்டம்தான் ஓடும். சார்ஜருக்குத் தெரிவது மொத்தக் கூட்டுத்தொகை மட்டுமே. மூன்று செல்லில் 12.6 வோல்ட் என்றால் மூன்றும் 4.2 என்று அது நம்பும். உண்மையில் 4.0, 4.2, 4.4 என்றும் இருக்கலாம். கூட்டினால் அதே 12.6! நலிந்த செல்தான் முதலில் நிரம்பி வழியும். இதனால்தான் பி.எம்.எஸ். ஒவ்வொரு சந்திக்கும் தனிக் கம்பி போட்டுப் பார்க்கிறது. முந்திக்கொண்ட செல்லின் குறுக்கே சிறு மின்தடையைச் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிட்டுச் சமன் செய்கிறது. அந்தக் கசிவு சாதாரண அட்டைகளில் 60 மில்லி ஆம்பியர் போலத்தான் இருக்கும். இரண்டு செல்லுக்கு நடுவே 600 மில்லி ஆம்பியர்-மணி வித்தியாசம் இருந்தால் பத்து மணி நேரம் ஆகும். ஆகவே முதலிலேயே ஒரே தயாரிப்பு, ஒரே கொள்ளளவு, ஒரே வயதுள்ள செல்களாகப் பொறுக்க வேண்டும். பழைய மடிக்கணினி பேட்டரியை உடைத்து எடுத்த கலப்படச் செல்களைக் கோப்பது சிக்கனம் அல்ல. நெடுநாள் ஓடும் வாகனப் பேட்டரிகளில் வெறும் மின்தடைக்குப் பதிலாக, நிரம்பிய செல்லிலிருந்து காலியான செல்லுக்கு மாற்றிவிடும் சர்க்யூட்டும் உண்டு. நம் பெட்டிக்கு அது வேண்டியதில்லை.

வெயிலும் குளிரும்

ஊரில் இருப்பவர்களைவிட நமக்கு இது அதிகம் பொருந்தும். லித்தியம் செல்லை 0 முதல் 45 டிகிரி செல்சியஸுக்குள்தான் சார்ஜ் செய்யலாம். பூஜ்யத்துக்குக் கீழே ஏற்றினால் லித்தியம் உள்ளே புகாமல் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். அந்தச் சேதம் திரும்பாது. சிம்லாவிலும் லடாக்கிலும் பணியாற்றும் நம்மவர்கள் இரவில் வெளியே நின்ற வண்டியை அறைக்குள் கொண்டுவந்து சூடேறிய பிறகே மாட்ட வேண்டும். டெல்லியிலும் நாக்பூரிலும் தலைவலி நேர் எதிரானது. மே, ஜூன் மதியங்களில் நிழலிலேயே வெப்பம் 45-ஐத் தொடும். வெயிலில் ஓடி வந்த ஸ்கூட்டரின் பேட்டரி அதைவிடச் சூடு. வந்த உடனே பால்கனியில் சார்ஜ் போடுவதைவிட, ஆறவிட்டு விடியற்காலையில் போடுவது மேல். சார்ஜரில் வெப்ப உணரி உள்ள சர்க்யூட்டையே தேர்ந்தெடுங்கள். உணரி செல்லின் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும், அட்டையின் மேல் அல்ல.

2022-இல் பல ஊர்களில் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பிடித்ததை நாளிதழ்களில் பார்த்தோம். அதன் பிறகு ஏ.ஐ.எஸ். 156 என்ற விதி திருத்தப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தது. பேட்டரிக்கு மட்டுமல்ல, சார்ஜருக்கும் அதில் நிபந்தனைகள் உண்டு. உரிய மின்னழுத்தத்தில் நிறுத்துவது, மெதுவாகத் தொடங்குவது, வறண்ட பேட்டரியை முன்கூட்டியே கண்டுபிடிப்பது, மின்கசிவை உணர்வது முதலியவை. வண்டியோடு வந்த சார்ஜர் பழுதானால் அதே நிறுவனத்தின் அதே மாதிரியை வாங்குங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். விலை இரண்டு மடங்கானாலும் பரவாயில்லை.

வீட்டு இன்வெர்ட்டருக்கு லித்தியம் மாற்றுவோர், இன்வெர்ட்டரில் காரீய பேட்டரிக்கான சமன்படுத்தும் நிலை அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது 15 வோல்ட்டையும் தாண்டும்.

நம் ஒலிபெருக்கிப் பெட்டிக்குத் திரும்பினால், பாக்கி இருப்பவை சில்லறை வேலைகள். பேட்டரியின் நேர்முனையிலிருந்து விரற்கடை தூரத்திலேயே பியூஸ் வைக்க வேண்டும். எட்டு செல்கள் குறுக்காகிவிட்டால் நூறு ஆம்பியருக்கு மேல் பாயும், கம்பி நெருப்பாகிவிடும். முதல் தடவை நிரம்பியதும் நான்கு ஜோடிகளையும் மல்ட்டிமீட்டரில் தனித்தனியாக அளந்து எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அளக்கும்போது ஒரு ஜோடி மட்டும் விலகிப்போயிருந்தால் உடனே தெரியும். விழாக்களுக்கு நடுவே பாதி நிரம்பிய நிலையில் வைப்பது நல்லது. சார்ஜர் முனைக்கு வேறு எந்த அடாப்டரும் நுழையாத வடிவத்தில் ஒரு பின்னைத் தேர்ந்தெடுங்கள். பெட்டியின் மேலும் சார்ஜரின் மேலும் '4 செல், இரும்பு பாஸ்பேட், 14.4 வோல்ட்' என்று தமிழிலும் இந்தியிலும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். விழா மும்முரத்தில் அதை மாட்டப்போவது நீங்களாக இருக்காது. பந்தல் போட வந்த பையனாக இருப்பான்.